தெரிந்ததைச் செய்ய வைப்பது எப்படி: ஹெல்த் கோச்சிங்கில் புதிதாகக் கால் வைப்போருக்கு ஒரு வழிகாட்டி

உப்பைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும், புகையை விட வேண்டும். இதெல்லாம் தெரியாதவர் என்று இன்று யாரும் இல்லை. தெரிந்தும் செய்ய முடியாமல் போவதுதான் சிக்கல். மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு “எடையைக் குறையுங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள்” என்கிறார். அந்த ஒரு வரியை உங்கள் வேலை நேரத்திலும், சமையலறையிலும், தூக்கம் வராத இரவிலும் எப்படிப் பொருத்துவது என்று உட்கார்ந்து பேச அவருக்கு நேரம் இருப்பதில்லை. ஹெல்த் கோச்சின் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இதுவரை ஒரு கோச்சிடமும் போகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். போக வசதி இல்லாமல் தாமாகவே தொடங்க நினைப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி அப்படியே பயன்படும்.

கோச் யார், யார் இல்லை

நோயைக் கண்டறிவதும் மருந்து எழுதுவதும் மாத்திரை அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் வேலை. சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய் போன்றவற்றுக்கு ஏற்ற உணவுத் திட்டத்தை டயட்டீஷியன் வகுத்துத் தருவார். மனச்சோர்வு, பதற்றம், பழைய மனக்காயங்கள் என்றால் மனநல நிபுணரிடம் போக வேண்டும். ஹெல்த் கோச் இவர்களில் யாருக்கும் மாற்று கிடையாது. இவர்கள் சொன்னதை நீங்கள் அன்றாடத்தில் நடத்திக் காட்ட உதவுபவர் அவர். கேள்வி கேட்பார், கவனித்துக் கேட்பார், நீங்களே ஒரு சிறிய திட்டம் போடத் துணை நிற்பார், அடுத்த வாரம் அது என்ன ஆயிற்று என்று மறக்காமல் விசாரிப்பார்.

இவ்வளவுதானா என்று தோன்றலாம். இந்த “மறக்காமல் விசாரிப்பதற்கு” எவ்வளவு பலம் உண்டு என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்காவில் நடந்த சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2002-இல் வெளியாயின. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 3,234 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவுக்குச் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை, இன்னொரு பிரிவுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. மூன்றாம் பிரிவில் ஒவ்வொருவருக்கும் தனியே ஒரு வாழ்க்கைமுறைப் பயிற்சியாளர். அந்தப் பிரிவின் இலக்குகள் இரண்டே: உடல் எடையில் 7 சதவீதம் குறைவது, வாரத்துக்கு 150 நிமிடம் உடலை அசைப்பது. சராசரியாக 2.8 ஆண்டுகள் கவனித்ததில், போலி மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிடும்போது மெட்ஃபார்மின் பிரிவில் சர்க்கரை நோய் வருவது 31 சதவீதம் குறைந்தது. பயிற்சியாளர் துணையோடு வாழ்க்கைமுறையை மாற்றியவர்களிடம் 58 சதவீதம் குறைந்தது. 60 வயது தாண்டியவர்களுக்குப் பலன் இன்னும் அதிகமாக, 71 சதவீதமாக இருந்தது.

அதே ஆட்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது இந்த 58 சதவீதம் 27 ஆக இறங்கியிருந்தது. பலன் அறவே மறையவில்லை, ஆனால் தேய்ந்தது. அதனால்தான் கோச்சிங் என்பதை ஒரு முறை எடுத்து முடித்துவிடும் சிகிச்சையாக நான் பார்ப்பதில்லை. அது ஒரு பழக்கத்தை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நகர்கிறது. அப்புறம் அதைக் காப்பாற்றுவது உங்கள் வேலை.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். நல்ல கோச் கிடைத்தாலும் மாற்றம் பெரும்பாலும் மெதுவாகத்தான் வரும். எடை சில கிலோ குறையும், ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கும், மாத்திரையை மறக்காமல் போடுவீர்கள், மருத்துவரிடம் தெளிவாகப் பேசுவீர்கள். ஒரு மாதத்தில் ஆளே மாறிவிடுவேன் என்ற எதிர்பார்ப்போடு போனால் ஏமாற்றம்தான்.

படி 1: முதலில் உங்கள் எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

கோச்சைத் தேடும் முன் ஒரு செக்கப் செய்துகொள்ளுங்கள். பெரிய பேக்கேஜ் எதுவும் தேவையில்லை. ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை அல்லது ஹெச்பிஏ1சி, கொலஸ்ட்ரால், எடை, இடுப்பளவு ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். வேறு எது வேண்டும் என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார்.

ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும். 5.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இயல்பு. 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோயின் விளிம்பு. 6.5-உம் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை நோய் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். வெறும் வயிற்றில் எடுத்தால் 100 முதல் 125 மில்லிகிராம் வரை விளிம்பு, 126-இலிருந்து நோய். ஒரே ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவு கட்டாமல் இன்னொரு முறையும் பார்ப்பார்கள். இடுப்பளவுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: அது உங்கள் உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும். 160 சென்டிமீட்டர் உயரம் என்றால் இடுப்பு 80-க்குக் கீழே.

ரத்த அழுத்தத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் எடுக்கும்போது பலர் இதில்தான் தவறுகிறார்கள். எடுப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, புகை, உடற்பயிற்சி எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். முதுகு சாய்ந்திருக்க, இரண்டு பாதங்களும் தரையில் பதிய, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். கை இதயத்தின் உயரத்தில் ஒரு மேசை மேல் இருக்கட்டும். பட்டையைச் சட்டைக் கைக்கு மேல் சுற்றாமல் தோல் மேல் சுற்றுங்கள். அது ஓடும்போது பேசாதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்படிச் சில நாட்கள் காலையும் மாலையும் எடுத்த ஒரு தாள், கிளினிக்கில் அவசரமாக எடுத்த ஒற்றை எண்ணைவிட மருத்துவருக்கு அதிகம் சொல்லும். 140/90 தொடர்ந்து வந்தால் அது உயர் ரத்த அழுத்தம். சில வழிகாட்டுதல்கள் 130/80-லேயே எச்சரிக்கின்றன. உங்களுக்கு எந்த எல்லை பொருந்தும் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

குடும்ப வரலாறும் ஓர் எண்ணைப் போலத்தான். பெற்றோர், உடன்பிறந்தோரில் யாருக்கு எந்த வயதில் மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை, புற்றுநோய் வந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

படி 2: மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாதவர்கள்

நடக்கும்போது நெஞ்சு வலியோ அழுத்தமோ வருகிறவர்கள், படியேறினாலே வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்குகிறவர்கள், மயங்கி விழுந்தவர்கள், காரணமில்லாமல் எடை குறைந்துகொண்டே போகிறவர்கள், கர்ப்பிணிகள், முன்பு உணவுக் கோளாறு (பட்டினி கிடப்பது, கட்டுப்பாடின்றி உண்பது போன்ற மனநலச் சிக்கல்) இருந்தவர்கள் இவர்களெல்லாம் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களும், உடலில் இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்ஃபோனில்யூரியா வகை மாத்திரை எடுக்கிறவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் திடீரென்று அதிகம் நடந்து, உணவையும் குறைத்தால், பழைய அளவு மருந்து அதிகமாகிப்போய் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். ரத்த அழுத்த மாத்திரையிலும் எடை குறையக் குறைய இதே நிலை வரலாம், எழுந்து நின்றால் தலை சுற்றும். அது வாழ்க்கைமுறை மாற்றம் வேலை செய்கிறது என்பதன் அறிகுறியாகக்கூட இருக்கலாம். ஆனால் மருந்தைக் குறைப்பது மருத்துவர்தான், கோச்சும் இல்லை நீங்களும் இல்லை. திட்டம் தொடங்குவதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

படி 3: கோச்சைத் தேர்ந்தெடுப்பது

பல இடங்களில் இந்தத் துறைக்குச் சட்டப்படியான கட்டுப்பாடு எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் ஹெல்த் கோச் என்று பெயர்ப் பலகை மாட்டிக்கொள்ளலாம். அமெரிக்காவில் 2017 முதல் இதற்கென்று ஒரு தேசியத் தேர்வு நடக்கிறது. மருத்துவர்களுக்கான உரிமத் தேர்வுகளில் பங்கு வகிக்கும் தேசிய மருத்துவத் தேர்வு வாரியத்தோடு சேர்ந்து அதை நடத்துகிறார்கள். உங்கள் கோச் அந்தத் தேர்வை எழுதியிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் எங்கே, எத்தனை மாதம், யாருடைய மேற்பார்வையில் பயின்றார் என்று கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. அதைக் கேட்டதும் முகம் சுளிப்பவரை விட்டுவிடுங்கள்.

நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் சில. “என் ரிப்போர்ட்டில் கவலைப்படும்படி ஏதாவது இருந்தால் என்ன செய்வீர்கள்?” மருத்துவரிடம் அனுப்புவேன் என்பதுதான் சரியான பதில். “நான் சொல்வதை யாரிடம் பகிர்வீர்கள், எங்கே எழுதி வைப்பீர்கள்?” “எத்தனை சந்திப்புகள், எப்போது நிறுத்தலாம் என்று எப்படி முடிவு செய்வோம்?” கடைசிக் கேள்விக்குப் பதிலே இல்லாதவர் உங்களை ஆண்டுக்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்வார்.

சரி, யாரிடம் போகவே கூடாது? மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடம். இத்தனை நாளில் இத்தனை கிலோ என்று உத்தரவாதம் தருபவரிடம். முதல் சந்திப்பிலேயே பவுடரும் காப்ஸ்யூலும் விற்பவரிடம். உடலில் உள்ள நச்சை எடுக்கிறேன் என்பவரிடம். ஆரோக்கியமானவருக்கு அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கின்றன. இதில் எனக்குச் சமரசமே இல்லை. பொருள் விற்பவரின் அறிவுரை எந்தப் பக்கம் சாயும் என்பதை நோய்க்குப் பயந்து வருகிற ஒருவர் ஆராய்ந்துகொண்டிருக்கும் நிலையில் இருக்க மாட்டார். அந்தப் பயத்தைப் பணமாக்குவது தவறு.

படி 4: முதல் சந்திப்பு எப்படி இருக்கும்

வழக்கமாக 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். அடுத்தடுத்த சந்திப்புகள் இதைவிடச் சுருக்கம், வாரம் ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ. போனிலும் வீடியோவிலும் நடத்துகிறார்கள், அதில் குறையொன்றும் இல்லை.

நல்ல கோச் முதலில் அறிவுரை சொல்ல மாட்டார். இதற்குப் பின்னால் ஒரு முறை இருக்கிறது. குடிப்பழக்கத்தால் அவதிப்பட்டவர்களோடு வேலை செய்த வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983-இல் அதைப் பற்றி எழுதினார். பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து அதை வளர்த்தெடுத்தார். அதன் அடிப்படை எளிமையானது. மாறலாமா வேண்டாமா என்று இரண்டு மனமாக இருப்பவரிடம் நீங்கள் “மாறு” என்று அழுத்தினால், அவர் வாயிலிருந்து மாறாமல் இருப்பதற்கான காரணங்கள்தான் வரும். மாற வேண்டியதன் காரணத்தை அவரே தன் வாயால் சொல்லும்படி பேச்சு அமைந்தால் மாறும் வாய்ப்பு கூடும்.

ஓர் எடுத்துக்காட்டு. 45 வயதுக்காரர், ஹெச்பிஏ1சி 6.1.

“டாக்டர் நடக்கச் சொல்லிட்டார். எனக்கு நேரமே இல்லைங்க.”

“நாள் முழுக்க ஓட்டம்தான் போல. முன்னாடி எப்பவாவது தொடர்ந்து நடந்திருக்கீங்களா?”

“ரெண்டு வருஷம் முன்னாடி. அப்போ ஆபீஸ் பக்கத்துல இருந்தது, நடந்தே வருவேன்.”

“அதுல எது நல்லா இருந்தது?”

“வீட்டுக்கு வர்றதுக்குள்ள தலை லேசாயிடும். இப்போ வந்ததும் பிள்ளைங்க மேல எரிஞ்சு விழறேன்.”

“அப்போ நடை உங்களுக்குச் சர்க்கரைக்காக மட்டும் இல்லை.”

“ஆமா... அதை யோசிக்கவே இல்லை.”

“இந்த வாரத்துல அந்த மாதிரி நேரம் எங்கயாவது கிடைக்குமா?”

“மதியம் சாப்பிட்டதும் பத்து நிமிஷம் வெளியே போகலாம். எப்படியும் போனைத்தான் பார்த்துட்டு இருக்கேன்.”

“செஞ்சிடுவேன்கிற நம்பிக்கை 0-லேர்ந்து 10-க்குள்ள எவ்வளவு?”

“5.”

“ஏன் 2 இல்லாம 5-ன்னு சொல்றீங்க?”

இந்தக் கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். “ஏன் 8 இல்லை?” என்று கேட்டிருந்தால் அவர் தடைகளை அடுக்கியிருப்பார். “ஏன் 2 இல்லை?” என்றதும், தன்னால் ஏன் முடியும் என்பதை அவர் தேட வேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகு, “இதை 7 ஆக்க என்ன மாத்தலாம்?” என்று கோச் கேட்பார். தினமும் என்பது வாரத்தில் மூன்று நாளாகலாம், பத்து நிமிடம் ஐந்தாகலாம், ஒரு சக ஊழியர் கூட வரலாம். 7-க்குக் கீழே நிற்கும் திட்டத்தோடு சந்திப்பை முடிக்க வேண்டாம், சின்னதாக்குங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: உண்மையைச் சொல்லுங்கள். எத்தனை சிகரெட், எத்தனை கிளாஸ், ராத்திரி எத்தனை மணி வரை போன். கோச்சைத் திருப்திப்படுத்தச் சொல்லும் பதிலை வைத்துப் போடும் திட்டம் யாருக்கும் உதவாது.

படி 5: திட்டத்தை எழுதுவது

“ஆரோக்கியமாக இருக்கப் போகிறேன்” என்பதை வைத்துக்கொண்டு நாளை காலை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. எப்போது, எங்கே, என்ன, எவ்வளவு என்று எழுதுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களில் இதை நன்கு ஆராய்ந்தார். “இது நடந்தால் இதைச் செய்வேன்” என்று முன்பே முடிவு செய்துவைத்தவர்கள், வெறும் எண்ணத்தோடு நின்றவர்களைவிட அதிகமாகச் செய்து முடித்தார்கள்.

நம் எடுத்துக்காட்டுக்காரரின் தாளில் இப்படி இருக்கலாம்: “திங்கள், புதன், வெள்ளி மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் போனை மேசையில் வைத்துவிட்டு 10 நிமிடம் நடப்பேன். மழை என்றால் கட்டடத்துக்குள் படியேறி இறங்குவேன். அந்த நேரத்தில் மீட்டிங் வந்துவிட்டால் மாலை கிளம்பும் முன் நடப்பேன்.” மழையும் மீட்டிங்கும் ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்டதால் அவை வரும்போது மனத்தோடு வாதாட வேண்டியதில்லை.

ஒரே நேரத்தில் ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. உணவு, நடை, தூக்கம், புகை எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை தொடங்குபவர்களை இரண்டாவது வாரத்தில் பார்ப்பது கஷ்டம்.

படி 6: எதை மாற்றுவது

இங்கேதான் அன்றாடத் தடுப்பு வருகிறது. எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், புகைப்பவருக்கு என் பதில் எப்போதும் புகைதான். கடைசி சிகரெட்டுக்குப் பிறகு 20 நிமிடத்திலேயே இதயத் துடிப்பு இறங்கத் தொடங்குகிறது. ஓராண்டில், புகைப்பதைத் தொடர்பவரோடு ஒப்பிட்டால் இதயத் தமனி நோய்க்கான ஆபத்து ஏறத்தாழப் பாதியாகிறது. வேறு எந்த ஒற்றை மாற்றமும் இவ்வளவு தருவதில்லை. நிக்கோட்டின் பேட்ச், கம், மருத்துவர் எழுதும் மாத்திரைகள் எல்லாம் உதவும். மன உறுதி மட்டும் போதும் என்று தனியாகப் போராட வேண்டாம்.

அடுத்து உடலசைவு. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான அசைவு வேண்டும். வேகமான பயிற்சி என்றால் 75 முதல் 150 நிமிடம் போதும். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலு சேர்க்கும் பயிற்சி. 65 வயதுக்கு மேல் என்றால் விழாமல் இருக்க உதவும் சமநிலைப் பயிற்சிகள் வாரம் மூன்று நாள். மிதமானது என்பதை அறிய, நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. தசைப் பயிற்சிக்கு ஜிம் வேண்டியதில்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதும், சுவரில் கை வைத்துத் தள்ளுவதும் நல்ல தொடக்கம். இந்தத் தசைப் பகுதியைத்தான் பெரும்பாலோர் கண்டுகொள்வதே இல்லை, குறிப்பாகப் பெண்களும் வயதானவர்களும். வயது ஏற ஏற கீழே விழாமல், பிறர் உதவியில்லாமல் எழுந்து நடமாடுவது கால் தசையைப் பொறுத்தது.

நாளுக்கு 10,000 காலடி என்ற எண் உங்களைப் பயமுறுத்தினால் அதை மறந்துவிடுங்கள். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. 2019-இல் வெளியான, சராசரி வயது 72 கொண்ட பெண்களைப் பற்றிய ஓர் ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைவாக இருந்தது. 7,500-க்குப் பிறகு அந்தப் பலன் கூடவில்லை. இப்போது 2,500 என்றால் உங்கள் அடுத்த இலக்கு 3,500.

தூக்கத்தைப் பலரும் கடைசியில் வைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதை முன்னால் கொண்டுவரலாம், ஏனென்றால் தூங்காதவருக்குப் பசி கூடுகிறது, பொறுமை குறைகிறது, நடக்க உடம்பு எழுவதில்லை. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தை முதலில் நிலையாக வையுங்கள், விடுமுறை நாளிலும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு எடுத்த அதிக அளவு கஃபைன்கூடத் தூக்கத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைத்ததாக 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. எனவே மதியத்துக்குப் பிறகான காபியை நிறுத்திப் பாருங்கள். சத்தமாகக் குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொக்குவது இவை இருந்தால் பழக்கத்தை மாற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அது தூக்க மூச்சுத்தடையாக இருக்கலாம், பரிசோதனை தேவை.

உணவில் என்னென்ன சாப்பிட வேண்டும் என்ற பட்டியலைவிட இரண்டு மூன்று எல்லைகள் போதும். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்குக் குறைவு, சமையலிலும் பாக்கெட்டிலும் சேர்த்து. பாக்கெட்டில் சோடியம் என்று போட்டிருந்தால் அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். காய்கறி, பழம் சேர்த்து நாளுக்கு 400 கிராமாவது. சேர்த்த சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் கீழே. இனிப்புப் பானங்களை நிறுத்தினாலே இதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மதுவைப் பொறுத்தவரை, உடலுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

தடுப்பூசிகளும் பரிசோதனைகளும் அறிகுறி வரும் முன்பே செய்ய வேண்டியவை. பெரியவர்களுக்கும் தடுப்பூசி உண்டு என்பதே பலருக்கு நினைவில் இருப்பதில்லை. கருப்பைவாய், மார்பகம், பெருங்குடல் புற்றுநோய்களுக்கான சோதனை எந்த வயதில், எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை என்பது நாட்டுக்கு நாடு மாறும். கருப்பைவாய்க்கு ஹெச்பிவி (அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) சோதனையை 30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுக்கு ஒரு முறை செய்ய உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. உங்கள் வயதுக்கு எது பாக்கி என்று மருத்துவரிடம் ஒரே கேள்வியாகக் கேட்டுத் தேதி குறித்துக்கொள்ளுங்கள். பல் மருத்துவரையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.

படி 7: திட்டம் கலைந்துபோகும் வாரம்

அப்படியொரு வாரம் கட்டாயம் வரும். குழந்தைக்குக் காய்ச்சல், வீட்டில் விசேஷம், வேலையில் நெருக்கடி. அந்த வாரத்தில் சந்திப்பை ரத்து செய்யத்தான் தோன்றும். சொன்னதைச் செய்யவில்லையே, எந்த முகத்தோடு போவது என்ற கூச்சம். தயவுசெய்து அந்த வாரம் போங்கள். எல்லாம் நன்றாக நடந்த வாரத்தைவிட, எங்கே தடுக்கியது என்று தெரியும் வாரத்தில்தான் கோச்சால் உங்களுக்கு அதிகம் உதவ முடியும். நல்ல கோச் அங்கே குற்றம் சொல்ல மாட்டார். “என்ன ஆச்சு? அதுலயும் எது நடந்தது? அடுத்த வாரத்துக்கு எதை மாத்தலாம்?” என்றுதான் கேட்பார். திட்டினால் கோச்சை மாற்றுங்கள்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் பழக்கம் எப்படி உருவாகிறது என்று 96 பேரிடம் ஆராய்ந்தார்கள். ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. ஆனால் ஆளுக்கு ஆள், பழக்கத்துக்குப் பழக்கம் அது 18 முதல் 254 நாள் வரை விரிந்தது. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற பேச்சை நம்பி, 22-ஆவது நாள் கஷ்டமாக இருந்ததும் தன்னையே நொந்துகொள்பவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். அதே ஆய்வில், இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. எனவே விட்ட நாளை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம். வழக்கமான அளவையே செய்யுங்கள்.

கோச் இல்லாமல்

நம்பகமான ஒருவரோடு வாரம் ஒரு முறை கால் மணி நேரம் போதும். நண்பர், உடன்பிறந்தவர், கணவன், மனைவி, யாராக இருந்தாலும் ஒரு நிபந்தனை: அவர் அறிவுரை சொல்லக் கூடாது. கேள்விகளை மட்டும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இந்த வாரம் என்ன திட்டமிட்டாய்? என்ன நடந்தது? எது உதவியது, எது தடுத்தது? அடுத்த வாரம் எதைச் செய்யப் போகிறாய், எப்போது, எங்கே? நம்பிக்கை பத்துக்கு எவ்வளவு? அப்புறம் நீங்கள் அவரிடம் இதே கேள்விகளைக் கேளுங்கள். வீட்டுக்குள் இதைச் செய்வது சிலருக்குச் சண்டையில் முடியும். அப்படியானால் வெளியாளே நல்லது. யாருமே இல்லையென்றால் பதில்களை நோட்டில் எழுதுங்கள். ஆனால் மறுநாள் யாரோ ஒருவர் கேட்பார் என்பதில் உள்ள பலம் நோட்டுக்கு இல்லை, ஒரு ஆளைத் தேடிக்கொள்வதே மேல்.

எப்போது நிறுத்துவது

மூன்று மாதம் கழித்து முதல் சோதனையைத் திரும்ப எடுங்கள். ஹெச்பிஏ1சி மாற்றத்தைக் காட்ட அந்த அளவு காலம் வேண்டும். எண் அசையவில்லை என்றால் ரிப்போர்ட்டோடு மருத்துவரைப் பாருங்கள். எல்லா உயர் ரத்த அழுத்தமும் எல்லாக் கொலஸ்ட்ராலும் வாழ்க்கைமுறையால் மட்டும் இறங்குவதில்லை, பரம்பரைக்கும் பங்கு உண்டு. மாத்திரை தேவைப்பட்டால் நீங்கள் தோற்றுவிட்டதாக ஆகாது. நடையும் மாத்திரையும் சேர்ந்தே வேலை செய்யும்.

எண்கள் நகர்ந்து, வாரத் திட்டத்தைக் கோச் கேட்காமலேயே நீங்களே போடத் தொடங்கிவிட்டால், சந்திப்புகளை மாதம் ஒன்றாக, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்றாகத் தளர்த்துங்கள். சட்டென்று நிறுத்த வேண்டாம். கடைசிச் சந்திப்பில் மூன்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: உங்களுக்கு எது பலன் தந்தது, நீங்கள் வழுக்கத் தொடங்கும்போது முதலில் தெரியும் அறிகுறி எது, அப்படித் தெரிந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள். அந்தத் தாளை ரிப்போர்ட் வைக்கும் ஃபைலிலேயே வையுங்கள், அடுத்த செக்கப்புக்குப் போகும்போது கண்ணில் படும்.